பாசஞ்சர் அக்கா

அந்த அக்கா ஓடி நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் வகுப்பு விட்டதும் டவுன் பஸ் கிளம்பி, கண்டக்டர் விசிலும் கொடுத்து, படியில் தொங்குகிறவர்கள் "வெரசா வாங்கக்கா" என்று கை நீட்டினாலும் அவர் நடை மாறாது. பஸ் போய்விடும். "போகட்டும், அடுத்தது வராமலா போயிரும்" என்று சொல்லிவிட்டு நிழல் பார்த்து நிற்பார். இப்படிப் பஸ்ஸை விடுகிறவர் ஒரு நாளும் வகுப்புக்குப் பிந்தி வந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. பஸ் தவறும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கண்டரமாணிக்கத்திலிருந்து இருட்டோடு கிளம்பிவிடுவார். நாங்கள் ஓடிப்பிடித்து வியர்த்து வந்து சேரும்போது, அவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து நிதானமாகப் பூ வைத்துக்கொண்டிருப்பார்.

எல்லா ஊரிலும் நின்று நின்று போகிற ரயிலை நினைத்து அவருக்கு 'பாசஞ்சர்' என்று பெயர் வைத்தோம். அது அவர் காதுக்கும் போயிற்று. கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பாசஞ்சர்லதான்யா உக்கார எடம் கெடைக்கும்" என்றார்.

நாங்கள் படித்தது திரவ எரிவாயுப் பயிற்சி. காரைக்குடியில், தேவகோட்டை சாலையில் ஒரு தகரக் கொட்டகை. பின்னால் வேலி போட்ட பொட்டலில் குழாய்களும் வால்வுகளும் ஒரு சிறிய தொட்டியும். நடத்தியவர் இளையான்குடிக்காரர். கத்தாரில் எரிவாயு ஆலையில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்களுக்கு அவர் 'சார்'.

நான் எட்டாவதோடு நின்றவன். போர்வெல் லாரியில் ஏறி வடக்கே போனேன். பிறகு ஜார்க்கண்டில், நிலக்கரிப் பாறைக்குள் அடைபட்டிருக்கும் வாயுவை எடுக்கிற கிணறுகளில் குழாய் தூக்கினேன். அங்கே ஒரு சங்கிலி என் இடது சுண்டுவிரலின் நுனியைக் கொண்டு போயிற்று. கூலியில் பிடித்தம் இல்லாமல் மூன்று நாள் படுக்கவிட்டார்கள்; அந்த இடத்துக்கு அது பெரிய மரியாதை. பூமியிலிருந்து வாயு வருவதைப் பார்த்திருந்தேனே தவிர, அதைக் குளிர வைத்துக் குளிர வைத்துத் தண்ணீராக்கி லாரியில் ஏற்றுவார்கள் என்பது இந்தக் கொட்டகைக்கு வந்த பிறகுதான் தெரியும். அறுநூறு லாரியில் அடைக்க வேண்டிய வாயு, திரவமானால் ஒரே லாரியில் அடங்கிவிடும். ஆனால் ஐஸெல்லாம் அதற்குப் பக்கத்தில் கொதிக்கிற தண்ணீர் மாதிரி. அத்தனை குளிர்.

முதல் நாள் பாடம் முடிந்ததும் சார் கேட்டார். "எல்லாருக்கும் புரிஞ்சுச்சா?"

"புரிஞ்சுச்சு சார்" என்றோம். எனக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கும் அப்படித்தான்.

அக்கா எழுந்து நின்றார். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். "எனக்கு இன்னும் இல்ல சார். நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு என்னம்மா? ஊற வச்சு அரைக்கப் போறியா?"

கொட்டகையே சிரித்தது. மறுநாள் காலை சார் உள்ளே நுழைந்ததும் அக்கா முதல் வேலையாக எழுந்தார். "சார், நேத்துச் சொன்னது பஸ்ஸுல வரும்போது புரிஞ்சிருச்சு." சார், "எங்க, சொல்லு" என்றார். அக்கா சொன்னார். அதைக் கேட்டுத்தான் எங்களுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு சார் எங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு அவரிடம் மட்டும் கேட்க ஆரம்பித்தார். "என்னம்மா, இன்னைக்கா நாளைக்கா?"

டீ நேரத்தில்தான் அவர் கதை துண்டு துண்டாக வரும். "ஜவுளிக்கடையில நிப்பாட்டிட்டாக. நான் ஒரு சேலைய மடிச்சு வைக்கிறதுக்குள்ள மத்த புள்ளைக நாலு சேலை வித்துருதுக. கல்யாணச் சமையலுக்குப் போனேன். 'நீ காய் நறுக்கி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளைக்குப் புள்ளையே பெறந்துரும்'னு அனுப்பிட்டாக."

"வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலையாக்கா?" என்று கேட்டேன்.

"அவரு சிங்கப்பூரு போயிருக்காரு. திரும்பி வர்றதுல அவரு என்னைய விட மெதுவு."

அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் சொன்னதன் கனம் உறைத்தது. அதற்குள் அவர் டீ கிளாஸைக் கழுவி வைக்கப் போயிருந்தார். கிளாஸ் கழுவவும் நேரம் ஆகும்.

குளிர் தாங்கும் கையுறை மாட்டுவதில் ஒரு முறை உண்டு. இறுக்கமாக மாட்டக் கூடாது. உள்ளே ஒரு சொட்டு போய்விட்டால் உதறியதும் கழன்று விழ வேண்டும். கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். முகக் கண்ணாடி தாடைக்குக் கீழே இறங்க வேண்டும். நாங்கள் பேண்ட் மாட்டுகிற வேகத்தில் மாட்டிக்கொண்டு நிற்போம். அக்கா ஒவ்வொன்றாக மாட்டி, இரண்டு கையையும் உதறிப் பார்த்து, கழன்று விழுந்த கையுறைகளைப் பொறுக்கி மறுபடி மாட்டுவார். தினமும் உதறுவார், தினமும் பொறுக்குவார். "நேத்துத்தானே பாத்தீக?" என்று ஒருவன் கத்தினான். "நேத்துக் கை வேற, இன்னைக்குக் கை வேறய்யா. இன்னைக்கு வீங்கியிருக்கு பாரு" என்று கையைக் காட்டினார்.

ஒரு நாள் சார் எங்களுக்கு ஒரு வித்தை காட்டினார். நீளமான ஒரு பழைய குழாயைத் தாங்கிகளின் மேல் படுக்க வைத்து, அதற்குள் திரவ நைட்ரஜனை ஒரே மூச்சாக விட்டார். குழாய் முனகியது. அடிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்தது, மேல்பக்கம் வெயிலில் காய்ந்தபடியே இருந்தது. குளிர்ந்த அடிப்பக்கம் சுருங்க, மேல்பக்கம் சுருங்காமல் நிற்க, அந்த இரும்பு பூனை முதுகைத் தூக்குவது மாதிரி நடுவில் எழும்பித் தாங்கியை விட்டு மேலே வந்தது.

"இதுல எரிவாயு இருந்து, இணைப்பு பிச்சுக்கிட்டா?" என்று கேட்டுவிட்டு சார் வால்வை மூடினார். பிறகு சொன்னார்: "குழாயைப் பையப் பைய குளிர வைக்கணும். மேலயும் கீழயும் ஒண்ணாக் குளிரணும். வேலை அவ்வளவுதான். ஆனா அதைச் செய்ய ஆளு கெடைக்க மாட்டான்."

செய்முறைத் தேர்வில் நாங்கள் எல்லாரும் குழாயைக் குளிர வைத்தோம். எல்லாருடைய குழாயும் கொஞ்சமாவது முனகியது. அக்காவின் முறை வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வால்வை ஒரு மயிரிழை திறந்தார். மேலே ஒரு வெப்பமானி, கீழே ஒன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். கொஞ்சம் திறப்பார், நிற்பார். மேல் முள் கீழ் முள்ளோடு வந்து சேர்ந்த பிறகு இன்னும் கொஞ்சம். எங்களுக்குப் பசி காதை அடைத்தது. பின்வரிசையில் ஒருவன் கூவென்று ரயில் ஊதினான். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. குழாய் அடியும் மேலும் ஒன்றாக, வேட்டியை உதறி விரித்தது போல் வெளுத்துக்கொண்டே போயிற்று. சத்தமே இல்லை.

சார் எங்களைப் பார்த்து, "போய்ச் சாப்பிட்டு வாங்கடா" என்றார். அவர் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அங்கேயே நின்றார்.

காரைக்குடிக்கு வெளியே, திருச்சி போகிற சாலையில் ஒருவர் திரவ எரிவாயு நிலையம் கட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் பங்க் நடத்திப் பழகியவர். நெடுஞ்சாலை லாரிகளுக்கு இனிமேல் டீசலுக்குப் பதில் இதுதான் என்று துணிந்து இறங்கியிருந்தார். எங்களில் ஐந்து பேரை வேலைக்கு எடுத்தார். நான்கு பேருக்கு வால்வு வேலை. அக்காவுக்கு மட்டும் பில் போடுகிற அறை.

"ஏசி ரூமுத்தா. வெயில்ல நிக்க வேண்டாம்" என்றார் முதலாளி. அதை நல்ல மனசோடுதான் சொன்னார்.

"யோசிச்சுச் சொல்றேன் முதலாளி."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மறுநாள் போய்ச் சொன்னார். "பில்லுப் போட நான் படிக்கல முதலாளி. வால்வுக்குத்தான் படிச்சேன். எத்தனையோ எடத்துல மெதுவுன்னு வெளிய அனுப்பியிருக்காக. மெதுவா இருந்தாத்தான் நடக்கும்னு ஒரு வேலை இருக்குன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கேன். அதை விட்டுட்டு நாக்காலியில உக்காரச் சொல்றீகளே."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. முதலாளி, எங்களோடு வந்திருந்த சாரைப் பார்த்தார். சார், "திறப்பு விழா அன்னைக்கு வால்வை இந்தத் தங்கச்சி கையில குடுங்க. சரியா வரலைன்னா பில்லு ரூமு" என்றார். முதலாளி ஒப்புக்கொண்டார். அந்த ஒரு நாள்தான் அக்காவுக்கு.

விழா வெள்ளிக்கிழமை. முந்தின நாளே குழாயையும் தொட்டியையும் குளிர வைத்துவிட வேண்டும் என்று சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதலாளி கேட்கவில்லை. "பூசை போடாம ஒரு சொட்டு உள்ள எறங்கக் கூடாது சார். எத்தனை பங்க்கு தெறந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" பெட்ரோல் மாதிரி, திறந்தால் கொட்டும் என்று நினைத்திருந்தார். ஒன்பதுக்குப் பூசை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் லாரிக்கு வாயு பிடித்து அனுப்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வாசலில் வாழைமரம், மேளம், பந்தலில் உறவுக்கூட்டம், மாலை போட்டு நிறுத்திய லாரி.

பூசையிலேயே முதல் சிக்கல். தொட்டிக்கு முன்னால் இலையை விரித்து, குத்துவிளக்கு வைத்து, பூசணிக்காயின் மேல் சூடமும் வைத்துவிட்டார்கள். அக்கா போய் நின்றார். "வேலிக்குள்ள நெருப்புக் கூடாதுங்க." ஐயர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வாயைத் திறப்பதற்குள் அக்கா குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே நடந்தார். அதை வைத்துவிட்டு வந்து பூசணிக்காய். பிறகு தேங்காய்த் தட்டு. அவர் நடக்கிற நடையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நாமே தூக்கிவிடலாம் என்று கூட்டமே எழுந்து மிச்சத்தை வெளியே கொண்டுபோய் வைத்தது.

பூசை முடிந்து, திரவ வாயு கொண்டுவந்து நின்ற டேங்கர் லாரிக்கும் தொட்டிக்கும் குழாயை இணைத்தோம். டேங்கர் பக்கம் நான். தொட்டிப் பக்க வால்வில் அக்கா. கையை உதறினார், கையுறைகள் விழுந்தன, பொறுக்கி மாட்டினார். பந்தலில் யாரோ சிரித்தார்கள். வால்வை ஒரு மயிரிழை திறந்தார்.

நேரம் போயிற்று. மேளக்காரர்கள் வாசித்து ஓய்ந்தார்கள்.

"ஏத்தா, தெறந்திருக்கியா?" என்று முதலாளி வேலி ஓரமாக வந்தார்.

"தெறந்துதான் இருக்கு முதலாளி."

"ஒண்ணையும் காணோமே!"

"உள்ள போகுது. உள்ளதானே போகணும்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தெற. ராகு காலம் வந்துரும்."

"ஆகட்டும் முதலாளி" என்றார் அக்கா. கை அசையவில்லை.

முதலாளி சாரிடம் திரும்பினார். "என்ன சார் இது? கொட்டாவி விடுறதுக்கே ஒங்க ஆளுக்கு ஒரு நாள் ஆகும் போலருக்கே."

"வால்வு இப்ப அந்தத் தங்கச்சி கையில இருக்கு முதலாளி. நான் சொன்னாலும் தெறக்காது" என்றார் சார்.

முதலாளி வேர்த்துப் போனார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர், இந்தப் புதுத் தொழில் விளங்காது என்று முன்பே சொன்னவர்கள். ராகு காலத்தில் முதல் போணி என்றால் அவர்கள் சும்மா இருப்பார்களா? என்னைக் கூப்பிட்டார். "டேய், அங்குட்டுப் போயி நீ தெறடா."

என் கால் இரண்டு எட்டு வைத்தது. பந்தல் முழுக்க ஆட்கள். ஆனால் கொட்டகையில் குழாய் பூனை மாதிரி முதுகைத் தூக்கியதை நான் பார்த்திருந்தேன். அக்கா திரும்பாமலே, "தம்பி, ஒங்க எடத்துக்குப் போங்க. டேங்கர்கிட்ட ஆளு இல்லாம இருக்கக் கூடாது" என்றார். நான் டேங்கர் பக்கமே திரும்பிப் போய்விட்டேன்.

"இப்பத் தெறக்கலைன்னா நாளைக்கு நீ பில்லு ரூமுத்தா. சொல்லிட்டேன்."

"சரி முதலாளி. அது நாளைக்கு. இன்னைக்கு நான் இங்ஙன நிக்கிறேன்."

சொல்லிவிட்டு மேல் முள்ளைப் பார்த்தார், கீழ் முள்ளைப் பார்த்தார். வால்வை இன்னும் ஒரு இழை திறந்தார். பத்தரைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்போது அவர் கேட்டார்.

"முதலாளி, ஆச்சிய வரச் சொல்லுங்களேன்."

ஆச்சி முதலாளியின் மனைவி. நல்ல நேரம் பார்த்ததும் பூசைக்குச் சாமான் எழுதியதும் அவர்தான். குங்குமக் கிண்ணத்தோடு வந்தார். "என்னத்தா, ஏதும் கொறையா?"

"கொறையெல்லாம் இல்ல ஆச்சி. ஒண்ணு கேக்கணும். ஒங்க வீட்டுல முன்னாடி பர்மாவுக்குக் கப்பலேறுனவுக இருந்திருப்பாகள்ல. நல்ல நேரம் ஒரு நாளு, கப்பல் வேற நாளுன்னா என்ன செய்வாக?"

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "கதை பேசுற நேரமா இது?"

ஆச்சி அவரைக் கையமர்த்தினார். "பரஸ்தானம் வைப்பாக. நல்ல நேரத்துல போறவுக மூட்டைய மட்டும் கொண்டுபோயி அடுத்த வீட்டுல வச்சிருவாக. அப்பறம் எப்பக் கெளம்புனாலும் தோசமில்ல."

"ஆளு போக வேணாமா?"

"மூட்டை வாசப்படியத் தாண்டிட்டாப் பயணம் கெளம்புன மாதிரித்தான்."

"அப்ப இதுவும் கெளம்பியாச்சு ஆச்சி. இங்குட்டு வந்து பாருங்க."

ஆச்சி வேலி ஓரம் குனிந்து பார்த்தார். டேங்கரிலிருந்து வந்த வெள்ளை, வால்வைத் தாண்டி, நிலையத்துக் குழாயில் ஒரு முழம் ஏறியிருந்தது. அடியும் மேலும் ஒன்றுபோல் வெளுத்திருந்தது.

"ஒம்பதே முக்காலுக்கே நம்ம குழாய்க்குள்ள வந்துருச்சு ஆச்சி. நல்ல நேரத்துலதான் வந்துச்சு. மத்ததெல்லாம் பையத்தான் வரும்."

ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு குழாயை நோக்கிக் கையை நீட்டினார். "குழாயில வேணாம் ஆச்சி, விரல் ஒட்டிக்கிரும். தூணுல வைங்க" என்று அக்கா அவசரப்படாமல் கையைக் குறுக்கே வைத்தார். ஆச்சி வேலித் தூணில் பொட்டு வைத்துவிட்டுப் பந்தலைப் பார்த்துத் திரும்பினார்.

"பரஸ்தானம் ஆயிருச்சு! எல்லாரும் கை நனைங்க. பந்தியப் போடுங்கப்பா!"

பந்தலில் முனகத் தயாராக இருந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தானே கப்பலேறினார்கள். மேளம் மறுபடி முழங்கியது. சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் பந்தலிலேயே கட்டையைச் சாய்த்தார்கள். அக்காவுக்கு மோர் கொண்டுபோனேன். "அப்பறம் தம்பி" என்றார்.

முதலாளி மட்டும் சாப்பிடப் போகவில்லை. ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து வேலிக்கு வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயைப் பார்க்க ஆரம்பித்தார். வெள்ளை ஒவ்வொரு சாணாகப் போவதைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் தளர்ந்தது. "சார், மேலயும் கீழயும் ஒண்ணாப் போகுது பாத்தீகளா?" என்று, கண்டுபிடித்தவர் போலச் சாரிடமே சொன்னார். சார், "ஆமாம் முதலாளி" என்றார்.

வெயில் சாய்கிற நேரத்தில் தொட்டியின் அளவு முள் ஏறத் தொடங்கியது. ஒரு கசிவு இல்லை. ஒரு தாங்கி அசையவில்லை. இணைப்புகளை நாங்கள் நான்கு பேரும் தடவாத குறையாகப் பார்த்து முடித்தோம். மாலை போட்டிருந்த லாரிக்கு வாயு பிடித்து, டிரைவர் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. தூங்கியவர்கள் எழுந்து விசிலடித்தார்கள். மேளக்காரர்கள் எதற்கென்று தெரியாமலே வாசித்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் நுனி போன கையை நான் எத்தனையோ ஊரில் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்று இரண்டு கையையும் தட்டினேன். அடுத்த மழைக்குள் அந்த ஊரையும் விட்டுப் போய்விட்டேன். அது என் காலின் குணம். ஆனால் வேலை செய்த இடங்களில் நான் கை தட்டியது அங்கே மட்டும்தான்.

கட்டடம் முடிந்தால் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் புதுத்துணி கொடுத்து மரியாதை செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். முதலாளி வால்வுக்காரர்களுக்கும் வாங்கி வைத்திருந்தார். ஆச்சி தாம்பாளத்தோடு வந்தார். "முதல்ல அவளுக்கு" என்றார் முதலாளி. தாம்பாளத்தைப் பார்த்ததும் ஆச்சியின் முகம் மாறியது. அடுக்கடுக்காக எல்லாம் வேட்டியும் துண்டும்.

"அடியாத்தி, சேலை வாங்கலையே! இருத்தா, கடைக்கு ஆளனுப்புறேன்."

அக்கா கையுறைகளைக் கழற்றி, இடுப்பில் செருகி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கு ஆச்சி? வால்வுல நிக்கிறவுகளுக்குன்னுதானே வாங்குனீக. அதையே குடுங்க."

வேட்டி துண்டை இரண்டு கையாலும் வாங்கினார். வேட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். அதற்குள் சாலையிலிருந்து அடுத்த லாரி ஒன்று நிலையத்துக்குள் திரும்பி, ஆள் வரக் காணாமல் ஹாரன் அடித்தது. அக்கா தன் நடையில் வேலிக் கதவை நோக்கி நடந்தார். லாரிக்காரன் விடாமல் அடித்தான்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சத்தம் போடாம இருப்பா. அவுக வாராகள்ல."